இன்னைக்கு நான் யாரு?

கார்டுல நாலு மணின்னு போட்டிருந்தாங்க, இப்ப நாலே கால், குத்துவிளக்குக்கு இன்னும் எண்ணெயே ஊத்தலை. நாடகக்காரங்க விழான்னா இப்படித்தான். ஜனங்க ஷோவுக்கு அஞ்சு நிமிஷம் லேட்டா வந்தா மட்டும் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்குவோம். ஏசியை வேற இப்படி வச்சுத் தொலைச்சிருக்கானுங்க, இவருக்குக் காது குளிரும், மஃப்ளரை எடுத்துப் பையில வைக்கணும்னு நெனச்சேன், புடவைக்கு மடிப்பு வைக்கிற அவசரத்துல மறந்துட்டேன். நானும் மறக்குறேன் பாரு. இவரை ஓரத்து சீட்டுல உட்கார வச்சிருக்கேன், நான் உள்பக்கம். அடிக்கடி பாத்ரூம் கேப்பாரு, கூட்டிட்டுப் போக அதுதான் வசதி. ஆனா வர்றவன் போறவன் எல்லாம் இவரு முட்டியை இடிச்சுக்கிட்டுத்தான் உள்ள போறான். இவரு ஒவ்வொருத்தருக்கும் காலை மடக்கிக்கிட்டு, "போங்க, போங்க, பாத்து"ன்னு அவ்வளவு மரியாதையா வழி விடுறாரு. காபி ரெண்டு நிமிஷம் தாமதமானா வீட்டையே ரெண்டாக்குற மனுஷன், தெரியாதவங்கன்னா மட்டும் தங்கம். மேடை மேல பெரிய பேனர், மாநகர நாடக சம்மேளனம், இருபத்தாறாவது ஆண்டு விருது விழா. மடியில நிகழ்ச்சி நிரல் இருக்கு, அதையே பத்துத் தடவை படிச்சாச்சு. பதினாறாவது விருது சிறந்த துணை நடிகர். பதினேழாவது, இந்த வருஷம் புதுசா ஆரம்பிச்சது, திரைக்குப் பின்னால் இருப்பவர்களுக்கான சிறப்பு விருது, திருமதி புனிதவதி தணிகாசலம், பிராம்ப்டர், முப்பத்தொரு ஆண்டுகள். பெறுபவர் நான்தான். என் பேரைக் கூப்பிடுறதுக்குள்ள இவருகிட்ட அதைச் சொல்லிடணும். சொல்லாம அந்த மேடையில ஏறி அந்தக் கேடயத்தை வாங்குனேன்னா நான் மனுஷியே இல்ல. பதினாறு விருது இருக்கு நடுவுல. எவ்வளவு நேரம் வேணும் இதுக்கு? மிஞ்சிப்போனா மூணு வாக்கியம்.

காலையில நல்லாத்தான் இருந்தாரு. அதான் துணிஞ்சேன். எழுந்ததும் என்னைப் பாத்து, "புனிதா, இன்னைக்குத்தானே உனக்கு விருது? அந்த மாம்பழக் கலர் பட்டைக் கட்டு, பீரோவுல மூணாவது தட்டுல இருக்கு"ன்னாரு. மூணாவது தட்டு! எனக்கே ஞாபகம் இல்ல அது. சமையக்கட்டுல போய் நின்னு அழுதேன், பால் பொங்கி அடுப்பெல்லாம் ஊத்துச்சு. ஏன்னா போன செவ்வாய்க்கிழமை இதே மனுஷன் என்னை வாசல்ல நிறுத்தி, "யாரைப் பாக்கணும்மா?"ன்னு கேட்டாரு. காய்கறிப் பையோட நிக்கிறவ என்னன்னு பதில் சொல்றது? "தணிகாசலம் சாரைப் பாக்கணும்"னேன். "நான்தான், உள்ள வாங்க"ன்னு சேரை இழுத்துப் போட்டு, ஃபேனைப் போட்டு, சொம்புல தண்ணி கொண்டுவந்து குடுத்தாரு. குடிச்சேன். கால் மணி நேரம் கழிச்சு, "வெண்டைக்காய் வாங்கலையா புனிதா?"ங்குறாரு. இப்படித்தான், வருது, போகுது. டாக்டர் சொல்லிட்டாரு, போகப் போக இந்த வர்ற நேரம் கம்மியாகும், பேச வேண்டியது ஏதாவது இருந்தா தள்ளிப் போடாதீங்கம்மான்னு. எங்க பொண்ணு ஆதிரை ஓசூர்லேருந்து வந்து பத்து நாள் இருந்து, அப்பாகிட்ட பேச வேண்டியதெல்லாம் பேசிட்டுப் போயிட்டா. அவளுக்கு மனசுல ஒண்ணும் இல்ல, பேசிட்டா. என்னோடதுதான் பாக்கி. இன்னைக்குக் காலையிலேயே சொல்லியிருக்கலாம். மூணாவது தட்டு வரைக்கும் ஞாபகம் இருந்த மனுஷன்கிட்ட அப்பவே உட்கார்ந்து சொல்லியிருக்கலாம். சொன்னா அந்த முகம் வாடிடும். இன்னும் கொஞ்ச நேரம் அந்த முகத்தைப் பாத்துக்கிட்டு இருக்கலாமேன்னு ஒரு பேராசை, வேற என்ன? ஆட்டோவுல சொல்லலாம்னு நெனச்சேன். ஆட்டோக்காரன் ரேடியோவை அலற விட்டுட்டான். ஹாலுக்கு வந்ததும் சொல்லலாம்னு நெனச்சேன். வந்தா, பாக்குறவன் எல்லாம் "தணிகா அண்ணே"ன்னு வந்து இவரு கையைப் பிடிக்கிறான். இவரும் ஒருத்தர் விடாம, "நல்லா இருக்கீங்களா, வீட்டுல சௌக்கியமா"ங்குறாரு. ஒருத்தரையும் அடையாளம் தெரியலைன்னு எனக்கு மட்டும் தெரியுது.

விளக்கு ஏத்திட்டாங்க. கடவுள் வாழ்த்து பாடுற பொண்ணுக்கு ஜலதோஷம். வாழ்த்து முடியட்டும், சொல்லிடலாம். காலர்ல அட்டை மாட்டிக்கிட்டு ஒரு பொண்ணு குனிஞ்சு வந்துச்சு, "மேடம், விருது வாங்குறவங்க எல்லாரும் முதல் ரெண்டு வரிசையில உட்காரணும்"னு. "இவரு?"ன்னேன். "சாருக்கு அங்க சீட் போடலையே மேடம்." "அப்ப நான் இங்கயே இருக்கேன்மா, பேரைக் கூப்பிட்டா எழுந்து வரேன், காது நல்லாத்தான் இருக்கு எனக்கு." முகம் சுண்டிப் போச்சு அதுக்கு. பாவம், அதுங்கிட்ட போய் எரிஞ்சு விழறேன். முப்பத்தொரு வருஷம் மேடை ஓரத்துல திரை மறைவா, சைட் விங்ல நின்னவளுக்கு முன் வரிசை என்னத்துக்கு? கையில நோட்டு, விரல் அளவுக்கு ஒரு டார்ச், கால்ல செருப்பு கிடையாது, சத்தம் வரும். வசனம் எடுத்துக் குடுக்கிறதுன்னா முழு வசனத்தையும் ஒப்பிக்கிறதுன்னு ஜனங்க நெனச்சுக்கிட்டு இருக்காங்க. முதல் வார்த்தை, அவ்வளவுதான். ஆனா எப்பக் குடுக்கிறது, அதுலதான் எல்லாம் இருக்கு. நடிகன் மேடையில நிக்கிறான், பேசலை. மறந்துட்டு நிக்கிறானா, வேணும்னே நிறுத்துறானா? வேணும்னு நிறுத்துறவன்கிட்ட வார்த்தையை நீட்டினா சீனே செத்துடும், மறந்தவனுக்கு நீட்டலைன்னா அவன் செத்துடுவான். மூச்சைப் பாக்கணும். மறந்தவன் மூச்சை உள்ள இழுத்துப் பிடிச்சுக்குவான். வேணும்னு நிறுத்துறவன் மூச்சை விட்டுட்டு நிப்பான். இருட்டுல நின்னுக்கிட்டு பத்தடி தள்ளி இருக்கிறவன் நெஞ்சைப் பாத்தே கண்டுபிடிச்சுடுவேன். அதுல நான் கெட்டிக்காரிதான், சும்மா சொல்லக் கூடாது. எங்க ட்ரூப் மாசிலாமணி சாரே சொல்லுவாரு, எழுதி இயக்குறது நானு, ஓட்டுறது புனிதவதின்னு. இந்த விருதுக்கு எழுதிப் போட்டதும் அவருதான். அவ்வளவு பெரிய கெட்டிக்காரி, கட்டின புருஷன் மூச்சைக் கண்டுபிடிக்க முடியாம போனா பாரு.

வரவேற்புரை. இந்த ஆளு மைக்கை விட மாட்டான். இவரு கையைத் தடவிக்கிட்டு உட்கார்ந்திருக்காரு, குளிருது போல, என் முந்தானையை இழுத்து அந்தக் கை மேல போட்டேன். நாப்பத்திரண்டு வருஷமா மேடை ஏறுன மனுஷன். என்ன வேஷம்? போஸ்ட்மேன். ஹவுஸ் ஓனர். ரெண்டாவது போலீஸ்காரர். கேஸ் சிலிண்டர் போடுறவரு. மூணாவது சீன்லயே செத்துப் போற மாமா. நோட்டீஸ்ல பேரு "மற்றும் பலர்"ல இருக்கும். வருத்தம் இருந்துச்சா? இருந்திருக்கும், சொன்னதில்ல. அதுக்குப் பதிலாத்தான் அந்த ஜோக்குன்னு எனக்கு இப்பத் தோணுது. மேடைக்குள்ள நுழையறதுக்கு முன்னாடி சைட் விங்ல என் காதுகிட்ட வந்து, "இன்னைக்கு நான் யாரு புனிதா?"ம்பாரு. நான் நோட்டுலேருந்து கண்ணை எடுக்காம, "நீங்க போஸ்ட்மேன்"ம்பேன். "அப்படியா? சரி"ன்னு உள்ள போவாரு. ஒவ்வொரு ஷோவுக்கும். முப்பத்தொரு வருஷம் இதே ஜோக்கு. அலுத்துப் போச்சுன்னு நானே திட்டியிருக்கேன், வேற ஜோக்கே கெடைக்கலையா உங்களுக்குன்னு. ஆனா என்னைக்காவது ஒரு நாள் கேக்காம போயிட்டாருன்னா எனக்கு டார்ச் பிடிக்கிற கை ஓடாது. கேக்கும்போது வலது உதட்டு ஓரத்துல சின்னதா ஒரு சிரிப்பு நிக்கும். அதுதான் ஜோக்குங்கிறதுக்கு அடையாளம். அன்னைக்கு அந்தச் சிரிப்பு இருந்துச்சா?

ஒளியமைப்புக்குக் குடுத்துட்டாங்க. ஒப்பனைக்குக் குடுத்துட்டாங்க. ஒப்பனைக்காரரு மேடையிலேயே அழறாரு, எனக்கும் வந்துடும் போல இருக்கு. ஆறாவது, ஏழாவது, என்ன இவ்வளவு வேகமா ஓட்டுறாங்க. போன வருஷம் மாசிலாமணி சார் புது நாடகம் எழுதினாரு, எங்களுக்குள்ள அதுக்குப் பேரே லிஃப்ட் நாடகம். பெரிய ஆபீஸ் கட்டடத்துல லிஃப்ட் ஓட்டுறவரோட மகன் அதே ஆபீஸ்ல மேனேஜரா வந்துடுறான், அப்பா யாருன்னு யாருகிட்டயும் சொல்லலை. கதாநாயகன் பரஞ்சோதி. அப்பா வேஷத்துக்கு ஒரே ஒரு சீன், நாலு நிமிஷம். அதை இவருகிட்ட குடுத்தாரு சாரு. மகனுக்கு டிபன் டப்பா எடுத்துக்கிட்டு அப்பா ரூமுக்குள்ள வருவாரு. உள்ள பெரிய அதிகாரி உட்கார்ந்திருப்பாரு. மகன் முகம் வெளுத்துப் போகும். அதைப் பாத்ததும் அப்பா ஒரு நொடியில மாறிடுவாரு. "சார், உங்க அப்பா குடுத்தனுப்பினாரு. ரசத்துல உப்பு கொஞ்சம் கம்மியாம், பாத்துச் சாப்பிடச் சொன்னாரு." வேத்து மனுஷன் மாதிரி, சொந்தப் பிள்ளையை சார்னு கூப்பிட்டு. டப்பாவை வச்சுட்டுக் கதவு வரைக்கும் போயிட்டுத் திரும்புவாரு. "உங்க அப்பாகிட்ட ஏதாவது சொல்லணுமா சார்?" அங்க இவரு ஒன்பது எண்ணுற வரைக்கும் நிப்பாரு. மகன் பதில் சொல்ல மாட்டான். "சரி, ஏதோ வேலையா இருந்தீங்கன்னு சொல்லிடுறேன் சார்." போயிடுவாரு. முதல் ஷோவுல அந்த ஒன்பது எண்ணிக்கையில ஹால்ல ஒரு இருமல் இல்ல. அப்புறம் கைதட்டுனாங்க பாரு, பரஞ்சோதி அடுத்த வசனத்தைப் பேச முடியாம நின்னான். ஒவ்வொரு ஷோவும் அப்படித்தான். துணை நடிகர் விருது தணிகா அண்ணனுக்குத்தான், எழுதி வச்சுக்குங்கன்னு ட்ரூப்பே சொல்லுச்சு. இவரு வெளியில, "அட போங்கப்பா"ம்பாரு. வீட்டுல, கேடயம் வந்தா டிவி மேல வைக்கலாமா, சாமி ரூம் பக்கமான்னு என்னைக் கேட்டாரு. டிவி மேலன்னேன். அங்க இருந்த பொம்மையை அன்னைக்கே எடுத்து உள்ள வச்சுட்டாரு, இடம் இன்னும் காலியாத்தான் கிடக்குது.

பத்தாவது விருது, பதினொண்ணு. பத்தாவது ஷோ தாம்பரத்துல. அந்த ஷோவுலதான் கதவுகிட்ட திரும்பி நின்னவரு ஒன்பது எண்ணி, பதினஞ்சு எண்ணி, இருபதும் தாண்டிட்டாரு. மூச்சைப் பாத்தேன், உள்ள இழுத்துப் பிடிச்சிருக்காரு. "உங்க"ன்னு எடுத்துக் குடுத்தேன். எடுத்துக்கலை. திரும்பவும் "உங்க அப்பாகிட்ட"ன்னேன், என்னைத் திரும்பிப் பாத்தாரு, மேடையிலேருந்து நேரா என்னைப் பாத்தாரு, நாப்பத்திரண்டு வருஷத்துல அப்படிச் செஞ்சதே இல்ல. மூணாவது தடவைதான் பிடிச்சாரு. ஜனங்க அதை நடிப்புன்னு நெனச்சு இன்னும் ஜாஸ்தியா தட்டுனாங்க. எனக்கு மட்டும் தெரியும். அதுக்கு முன்னாலயே வீட்டுல சின்னச் சின்னதா இருந்துச்சு, சட்டைக்கு மேல பனியனைப் போட்டுக்கிட்டு வந்து நின்னாரு, சாவியை அரிசி டப்பாவுல வச்சாரு, வயசுன்னு விட்டுட்டேன். பதினோராவது ஷோ நவம்பர்ல, மழை. அன்னைக்கு மத்தியானம் வீட்டுல வசனம் பாக்கும்போது நடுவுல நிறுத்திட்டு, "இந்த டப்பா யாருக்கு?"ன்னு கேட்டாரு. இடைவேளையில கேன்டீன்காரன் வந்து சொல்லிட்டான், எட்டாவது வரிசையில நடுவர்கள் மூணு பேரும் உட்கார்ந்திருக்காங்கன்னு. அவங்க வழக்கம் அதுதான், சொல்லாம கொள்ளாம, சொந்தமா டிக்கெட் வாங்கிக்கிட்டு, ஏதாவது ஒரு ஷோவுக்கு வருவாங்க, ஒரே ஒரு தடவைதான் பாப்பாங்க, அதுல பாத்ததுதான் கணக்கு. இவருக்கும் தெரிஞ்சுபோச்சு. காக்கிச் சட்டையைப் போட்டுக்கிட்டு ரெண்டு தடவை தலை சீவினாரு. டப்பாவைத் துடைச்சாரு. சைட் விங்ல என் பக்கத்துல வந்து நின்னாரு. மேடையில பரஞ்சோதி அந்த அதிகாரிகிட்ட பேசிக்கிட்டு இருக்கான், இன்னும் ரெண்டு வசனம், அப்புறம் இவரு. என் காதுகிட்ட குனிஞ்சு, "இன்னைக்கு நான் யாரு புனிதா?"ன்னாரு.

எனக்குத் தெரியலையே. சிரிப்பு இருந்துச்சா, இல்லையா? டார்ச்சு வெளிச்சம் நோட்டு மேல, இவரு முகத்துல இருட்டு. ஒரு நிமிஷம் டார்ச்சைத் தூக்கிப் பாத்திருந்தா ஆகியிருக்கும், பாக்கலை. ஜோக்கா கேட்டாரா, நெசமாவே கேட்டாரா? நெசமா கேட்டிருந்தா இந்த மனுஷன் அந்த ரூமுக்குள்ள போய் எட்டாவது வரிசை முன்னாடி வாயைத் திறந்துக்கிட்டு நிக்கப் போறாரு. நாளைக்கு ஊரெல்லாம் சொல்லுவான், தணிகாசலத்துக்கு முடிஞ்சு போச்சுன்னு. பாவம்னு சொல்லுவான். அதை என்னால தாங்க முடியாது. இவரால தாங்க முடியாதுன்னு அப்ப நெனச்சேன், இப்ப நெனச்சுப் பாத்தா என்னாலன்னுதான் தோணுது. பரஞ்சோதி ரெண்டாவது வசனத்தை முடிச்சுட்டு வாசலைப் பாக்குறான். நான் ரெண்டு பக்கத்தைச் சேத்துத் திருப்பிட்டேன். அப்பா போனதுக்கு அப்புறம் வர்ற வசனத்தை எடுத்து அவனுக்குக் குடுத்துட்டேன். ஒரு வினாடி முழிச்சான், பழகினவன், பிடிச்சுக்கிட்டான், நாடகம் ஓடிடுச்சு. இவரு ஒரு காலை எடுத்து முன்னால வச்சிருந்தாரு. மணிக்கட்டைப் பிடிச்சு இழுத்தேன். "பக்கம் ஒட்டிக்கிச்சுங்க, ஜம்ப் ஆயிடுச்சு, போகாதீங்க." நின்னுட்டாரு. அந்தக் கையில என் கைக்கு அடியில நாடி துடிச்சது இன்னும் எனக்கு விரல்ல இருக்கு. டப்பாவைப் பிடிச்சுக்கிட்டு, மேக்கப்போட, நாடகம் முடியற வரைக்கும் அங்கேயே நின்னாரு. கடைசியில எல்லாரும் வரிசையா நின்னு கும்பிடும்போது இவரும் போய் ஓரத்துல நின்னு கும்பிட்டாரு. முன் வரிசையில ஒரு அம்மா, யாரு இந்தப் பெரியவருன்னு பக்கத்துல கேக்குறது எனக்குத் தெரிஞ்சுது.

மாசிலாமணி சார் ஓடி வந்தாரு, "என்னம்மா இப்படிப் பண்ணிட்டே, இன்னைக்குப் போயா!"ன்னு. மழை ஈரம் சார், பக்கம் ஒட்டிக்கிச்சுன்னேன். உடனே நம்பிட்டாரு. நான் தப்பே பண்ணினதில்லையே, தப்பு பண்ணினேன்னு சொன்னா கூட நம்புறாங்க. இவருதான் எனக்காகப் பேசினாரு. "விடுங்க சார். பக்கம் ஒட்டிக்கிட்டா அவ என்ன பண்ணுவா?" அதுக்கப்புறம் ரெண்டு ஷோ மழையில கேன்சல். அடுத்த மாசம் பால் வாங்கப் போனவரு வழி தெரியாம நாலு தெரு தள்ளி ஒரு பள்ளிக்கூட வாசல்ல உட்கார்ந்திருந்தாரு. அதோட மேடை முடிஞ்சுது. அப்ப, இவரு கடைசியா மேடைக்குள்ள போக எடுத்து வச்ச கால், நான் பிடிச்சு இழுத்த அந்தக் கால்தான். பத்து மாசமா இதையே அரைச்சுக்கிட்டு இருக்கேன். சோத்தைப் பிசைஞ்சு குடுக்கும்போது, நகம் வெட்டி விடும்போது. அன்னைக்கு விட்டிருந்தா வசனம் வந்திருக்குமோ? வந்திருக்கும். வராம போயிருந்தாத்தான் என்ன, அந்த ரூம்ல அந்த டப்பாவோட சும்மா நின்னிருந்தாலே போதுமே, தாம்பரத்துல தட்டலையா? அந்த மரியாதையை ஏன் நான் இவருக்குக் குடுக்கலை? ஊருக்கெல்லாம் வார்த்தை எடுத்துக் குடுத்தேன், இவருக்கு நுழையவே விடலை.

"அடுத்ததாக, சிறந்த துணை நடிகருக்கான விருது." ஐயோ, பதினாறு வந்துடுச்சு. வேற ட்ரூப்பு, சின்னப் பையன், முப்பது கூட இருக்காது, ரெண்டு ரெண்டு படியா தாண்டி ஏறுறான். நல்லா நடிச்சிருப்பான், அவனைக் குத்தம் சொல்லி என்ன? இவரு எல்லாரையும் விட ஜாஸ்தியா தட்டுறாரு. கையைத் தூக்கி வச்சுத் தட்டுறாரு. அந்தக் கையைப் பிடிச்சேன். அடுத்தவங்களுக்கு முதல் வார்த்தை குடுத்துக் குடுத்தே பொழுது போச்சு, எனக்கு முதல் வார்த்தை வரலை. அந்தப் பையன் மைக்ல அவங்க அம்மாவுக்கு நன்றி சொல்றான்.

"ஏங்க. உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

திரும்பினாரு.

"அன்னைக்குப் பக்கம் ஒட்டலைங்க. நான்தான் திருப்பினேன். உங்களுக்கு வசனம் வராதோன்னு பயந்துட்டேன். வேணும்னேதான் செஞ்சேன். உங்க சீனை நான்தான் எடுத்துட்டேன்."

மூணு வாக்கியத்துக்கு மேல ஆயிடுச்சு. சொல்லிட்டேன். இவரு என் முகத்தையே பாத்தாரு. கோவம் வரட்டும், ரெண்டு அறை விடட்டும், இத்தனை பேரு முன்னாடி கத்தட்டும், வாங்கிக்கறேன். இவரு முகம் மெதுவா மலர்ந்துச்சு. எனக்கு அந்த முகம் தெரியும். செவ்வாய்க்கிழமை வாசல்ல பாத்த முகம்.

"அழாதீங்கம்மா"ன்னாரு. "எந்த நாடகம்?"

"லிஃப்ட் நாடகங்க. டிபன் டப்பா, காக்கிச் சட்டை. நீங்க உள்ள போகப் பாத்தீங்க, நான் கையைப் பிடிச்சு..."

"நீங்க பிராம்ப்டரா?" குரலைத் தணிச்சுக்கிட்டு, பக்கத்துல இருக்கிறவங்களுக்குக் கேக்காம, எனக்கு மட்டும் சொல்ற மாதிரி சொன்னாரு. "பரவால்லம்மா. பக்கம் ஒட்டிக்கிட்டா நீங்க என்ன பண்ணுவீங்க?"

"ஒட்டலைங்க. நான் பொய் சொன்னேன்."

"மழை நாள்ல ஒட்டும்மா. அதுக்குப் போய் இவ்வளவு மனசு கஷ்டப்படலாமா? என் வொய்ஃபும் பிராம்ப்டர்தான். முப்பது வருஷத்துக்கு மேல. ஒரு நாள், ஒரு வார்த்தை தப்பா எடுத்துக் குடுத்ததில்ல. அவகிட்ட கேளுங்க, ஒட்டாம இருக்க என்ன பண்ணணும்னு சொல்லித் தருவா."

நடிக்கிறாரா? கடவுளே, நடிக்கிறாரா? அந்த அப்பா மாதிரி, என் முகம் வெளுத்ததைப் பாத்துட்டு, வேத்து மனுஷனா மாறி, என்னைக் காப்பாத்துறாரா? நெஞ்சைப் பாத்தேன். மூச்சைப் பாத்தேன், இந்த ஒரு தடவையாவது கண்டுபிடிச்சுடணும்னு பாத்தேன். பிடிச்சு வைக்கவும் இல்ல, விட்டுட்டு நிக்கவும் இல்ல. சும்மா போயிட்டு வந்துக்கிட்டு இருந்துச்சு, விழா பாக்க வந்த யாரோ ஒருத்தரோட மூச்சு. உதட்டு ஓரத்தைப் பாத்தேன். இப்ப ஹால்ல வெளிச்சம் நல்லாவே இருந்துச்சு. அங்க ஒண்ணும் இல்ல.

மேடையில விருதை அறிவிக்கிற பொண்ணு தாளைப் பாத்துப் படிக்குது, முப்பத்தொரு ஆண்டுகள் இருளில் நின்று, ஒரு பிசகும் இல்லாமல், ஒரே ஒரு முறை ஏட்டின் பக்கங்கள் ஒட்டிக்கொண்டபோதும் கண்ணிமைக்கும் நேரத்தில் நாடகத்தைக் காப்பாற்றிய, இதெல்லாம் மாசிலாமணி சார் எழுத்து, எனக்குத் தெரியும், திருமதி புனிதவதி தணிகாசலம் அவர்களை மேடைக்கு. ஹால் தட்டுது. இவரு நிமிர்ந்து உட்கார்ந்தாரு. முகமெல்லாம் சிரிப்பு. என் கையிலேருந்து தன் கையை உருவிக்கிட்டு என் தோள்ல லேசா தட்டி, "கேட்டீங்களா? என் வொய்ஃப் பேரைச் சொல்றாங்க. இப்ப வருவா பாருங்க. அந்தப் பக்கம் சைட் விங்லேருந்துதான் வருவா"ன்னாரு. எல்லாரும் திரும்பி என்னைத் தேடுறாங்க. ரெண்டாவது தடவை கூப்பிடுறாங்க. அட்டை மாட்டின பொண்ணு படிக்கட்டுகிட்ட நின்னு வாங்க வாங்கன்னு கையைக் காட்டுது. போகலைன்னா இவரு அந்த சைட் விங்கையே பாத்துக்கிட்டு இருப்பாரு, அங்க யாரும் வர மாட்டாங்க. எழுந்தேன். முன் சீட்டைப் பிடிச்சுக்கிட்டேன். "கொஞ்சம் வழி விடுறீங்களா?"ன்னேன். "போங்கம்மா, பாத்து"ன்னு, மேடையை விட்டுக் கண்ணை எடுக்காம, இவரு காலை மடக்கிக்கிட்டு எனக்கு வழி விட்டாரு.